பனிக்கு அடியில் வடவானம்

கிறைஸ்ட்சர்ச்

உயர் ஆற்றல் நியூட்ரினோக்களைத் தேடும் ஐஸ்கியூப் என்ற கருவி தென்துருவத்தில், 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தில், பனிக்குள் உறைந்து கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களின் பயணம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு துணிக்கிடங்கில் தொடங்குகிறது. அமெரிக்க அண்டார்டிகத் திட்டத்தின் பயணிகள் எல்லோரும் இங்கே வரிசையில் நின்று உடுப்பு வாங்க வேண்டும். 'பிக் ரெட்' என்று அழைக்கப்படும் தடித்த சிவப்பு அங்கி, இரண்டடுக்கு உள்ளாடை, கையுறை, பனிக்கண்ணாடி, ஒவ்வொன்றும் ஒரு சிறு மூட்டை அளவுக்குக் கனக்கும் காலணிகள். கிடங்கு ஊழியர்கள் ஒன்றையும் போட்டுப் பார்க்காமல் கொண்டுபோக விடுவதில்லை. ஜிப் சிக்கினால் அங்கே போய் மாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மார்கழிப் பனிக்கு மங்கி குல்லாவும் மஃப்ளரும் போதும் என்று வளர்ந்தவர்களுக்கு இந்த ஒத்திகையே பாதிக் குளிரைக் காட்டிவிடும்.

இவ்வளவு தூரம் போவதற்குக் காரணம் நியூட்ரினோவின் குணம். அதற்கு மின்னூட்டம் இல்லை; எடையும் இல்லை என்றே சொல்லலாம். சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒவ்வொரு வினாடியும் 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் வருகின்றன. உடலையும் தரையையும் ஊடுருவி, பூமியின் மறுபக்கமாக வெளியேறிப் போய்விடுகின்றன. வோல்ஃப்காங் பவுலி 1930இல் இப்படி ஒரு துகள் இருக்கலாம் என்று ஊகித்தார். அணு உலை ஒன்றின் அருகே ரெய்ன்ஸும் கவனும் அதை உறுதிசெய்தது 1956இல். இருப்பதாகச் சொன்னதற்கும் கண்டதற்கும் நடுவே 26 ஆண்டுகள்.

எதனோடும் மோதாத துகளைப் பிடிக்க வேண்டுமானால் வலை பெரிதாக இருக்க வேண்டும். விண்வெளியின் தொலைதூரங்களிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் மிகக் குறைவு. அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு கன கிலோமீட்டர் பொருள் தேவை என்று கணக்கு சொன்னது. அது வெளிச்சம் ஊடுருவக்கூடிய பொருளாகவும் இருக்க வேண்டும். வெளி வெளிச்சம் எட்டாத இருட்டிலும் இருக்க வேண்டும். நூறு கோடி டன் தெளிந்த பொருளை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அது இயற்கையாகக் கிடக்கும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும்.

மக்மர்டோ

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோ நிலையத்துக்கு ராணுவச் சரக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம். பாதி வழியில் வானிலை கெட்டால் விமானம் வந்த வழியே திரும்பிவிடும். இங்கே அதற்குப் பெயர் 'பூமராங்'. இரண்டு மூன்று முறை அப்படித் திரும்பியவர்களும் உண்டு.

ராஸ் தீவில் உள்ள மக்மர்டோ பார்ப்பதற்கு ஒரு சுரங்க ஊர் மாதிரி இருக்கும். கரிய எரிமலை மண், எண்ணெய்த் தொட்டிகள், லாரிகள், கன்டெய்னர்கள். பின்னணியில் 3,794 மீட்டர் உயரத்தில் எரிபஸ் எரிமலை புகைந்துகொண்டிருக்கும். கோடையில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். அவர்களில் விஞ்ஞானிகள் சிறுபான்மை. பிளம்பர், வெல்டர், சமையல்காரர், எலக்ட்ரீஷியன்தான் அதிகம். உணவுக்கூடத்தில் 'ஃப்ராஸ்டி பாய்' என்ற ஐஸ்கிரீம் இயந்திரம் ஒன்று உண்டு. சுற்றிலும் பனி கிடக்கிற ஊரில் அது பழுதானால் அன்றைய தலைப்புச் செய்தி அதுதான்.

ஊருக்கு வெளியே, ஸ்காட்டின் குழு 1902இல் எழுப்பிய மரக்குடில் இன்னும் நிற்கிறது. எதிரே உள்ள குன்றின் மேல், 1912இல் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்ட ஸ்காட்டுக்கும் தோழர்களுக்கும் நாட்டிய சிலுவை. அவர்கள் நடந்தும் இழுத்தும் பல வாரங்களில் கடந்த தூரம், இப்போது மூன்று மணி நேர விமானப் பயணம். அந்த விமானத்துக்கு வானிலை சம்மதிக்கும்வரை காத்திருப்பதுதான் மக்மர்டோவில் பயணியின் முழுநேர வேலை.

பனிமேடு

துருவத்துக்குப் போகும் ஹெர்குலிஸ் விமானத்தின் சக்கரங்களோடு பனிச்சறுக்குப் பலகைகளும் பொருத்தப்பட்டிருக்கும். பயணிகள் பக்கவாட்டில் வலைப்பட்டை இருக்கைகளில் உட்கார, நடுவில் சரக்கு. முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் கீழே ட்ரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர் வருகிறது. கருங்கல் முகடுகளுக்கு நடுவே பனியாறுகள் வழிகின்றன. அதைத் தாண்டியபின் மலை இல்லை, பாறை இல்லை, நிழலும் இல்லை. வெள்ளைத் தரை ஒன்றுதான்.

அந்தத் தரை ஒரு மேடு. தென்துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியைவிட ஏறத்தாழ 200 மீட்டர் அதிகம். ஆனால் இங்கே காலடியில் இருப்பது மலை அல்ல. அந்த உயரம் முழுவதும் பனி. ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் தடிமன்; அடியில் உள்ளது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்தது. ஐஸ்கியூப்பைக் கட்டியவர்கள் தேடிய நூறு கோடி டன் இதுதான்.

தென்துருவம்

விமானம் இறங்கியதும் எஞ்சினை நிறுத்துவதில்லை. குளிரில் திரும்பக் கிளப்புவது கடினம். அந்த இரைச்சலுக்கு நடுவே பயணிகள் இறங்கி, மூச்சு வாங்க வாங்க நூறு அடி நடப்பதற்குள் இந்த உயரத்தின் விலை தெரிந்துவிடும். நடுக்கோடையிலும் மைனஸ் 25 டிகிரியை ஒட்டித்தான் வெப்பநிலை. இங்கே பதிவானதிலேயே அதிக வெப்பம் மைனஸ் 12.3, அது 2011 கிறிஸ்துமஸ் அன்று. காற்றில் ஈரமே இல்லை. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவுப்பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். பனி என்றாலும் இது பாலைவனம்.

அமண்ட்சன்-ஸ்காட் நிலையம் தூண்களின் மேல் நிற்கும் நீண்ட, சாம்பல் நிறக் கட்டடம். அடியில் காற்று புகுந்து பனியை வாரிக்கொண்டு போகும்படி அதன் முகப்பைச் சரித்திருக்கிறார்கள். 1957லிருந்து இந்த இடத்தில் ஆள் இல்லாத நாளே கிடையாது. இப்போதுள்ள கட்டடம் 2008இல் திறக்கப்பட்டது. வெளியே துருவத்தைக் குறிக்கும் கம்பம் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பிடுங்கி நடப்படுகிறது. ஏனென்றால் பனிப்பாளம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் நகர்கிறது. நிலையமும், புதைந்திருக்கும் கருவியும் கூடவே நகர்கின்றன.

கோடையில் 150 பேர் அளவில் சாப்பிடும் உணவுக்கூடம்தான் இங்கே ஊர்ச் சாவடி. இறைச்சி, பழம், ரொட்டி மாவு எல்லாம் உறைந்த நிலையில் வந்து கிடங்கில் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. தட்டுப்பாடு பச்சைக் காய்கறிக்குத்தான். விமானத்தில் வரும் கீரையையும் பழத்தையும் 'ஃப்ரெஷ்ஷீஸ்' என்று செல்லமாகச் சொல்வார்கள். கட்டடத்துக்குள்ளேயே மண்ணில்லாமல், விளக்கு வெளிச்சத்தில் கீரையும் வெள்ளரியும் தக்காளியும் விளையும் ஓர் அறை உண்டு. குளிர்காலத்தில் அந்த அறையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வர ஆட்கள் முறை போட்டுக்கொள்வார்கள். கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கிப் பழகிய ஊரிலிருந்து பார்த்தால், வெள்ளரிக்காய்த் துண்டுக்கு இத்தனை மரியாதையா என்று தோன்றும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. பனிக்குள் வெந்நீரைச் செலுத்தி உருக்கிய கிணற்றிலிருந்துதான் குடிநீர் வருகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பெய்த பனி அது. உருக்குவதற்கும் இறைப்பதற்கும் எரிபொருள் வேண்டும், எரிபொருள் விமானத்தில் வர வேண்டும். ஆகவே ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டே குளியல், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். 2.8 கிலோமீட்டர் தண்ணீரின் மேல் உட்கார்ந்துகொண்டு குழாயைப் பார்த்துப் பார்த்துத் திறக்கிறார்கள்.

இருள் வட்டாரம்

விமான ஓடுபாதையைக் கடந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் 'டார்க் செக்டர்' என்ற பகுதி. தேவையில்லாத விளக்குக்கும் ரேடியோ அலைக்கும் இங்கே இடமில்லை. தென்துருவத் தொலைநோக்கியின் பத்து மீட்டர் தட்டு ஒரு பக்கம் நிற்கிறது. இன்னொரு பக்கம் ஐஸ்கியூப்பின் ஆய்வுக்கூடம்: தூண்களின் மேல் இரண்டு மாடி, இருபுறமும் உருளைக் கோபுரங்கள். அந்தக் கோபுரங்களுக்குள்தான் பனியிலிருந்து எழும் கம்பிவடங்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. இவ்வளவு பெரிய கருவியில் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கட்டடம் மட்டும்தான். காண வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

உள்ளே கணினி அடுக்குகள் இரைகின்றன. உலகின் மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்றில், இந்த அறையைப் பொறுத்தவரை கவலை சூட்டைப் பற்றியது. கணினிகள் கக்கும் வெப்பத்தைத் தணிக்க வெளிக்காற்றை அளந்து உள்ளே விடுகிறார்கள். கொஞ்சம் கூடினால் கருவி உறையும், கொஞ்சம் குறைந்தால் கொதிக்கும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு டெராபைட் தரவு சேர்கிறது. செயற்கைக்கோள்கள் தொடுவானத்துக்கு மேல் தெரிவது சில மணி நேரமே. ஆகவே அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வடித்தெடுத்து உடனே அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு அனுப்புகிறார்கள்.

2,450 மீட்டர்

பனிக்குள் கண் வைக்கும் யோசனை நேராக இங்கே வந்துவிடவில்லை. முதலில் பூமிக்குள்தான் போனார்கள். காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவற்றுள் ஒன்று, 1965இல் கோலார் தங்கவயலின் 2.3 கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தில் நடந்த ஆய்வு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி ஏறிய அந்தச் சுரங்கத்தின் ஆழமும் ஐஸ்கியூப்பின் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு ஹவாய்க் கடலில் 'டுமாண்ட்' என்ற திட்டம் தொடங்கி 1995இல் கைவிடப்பட்டது. ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் உறைந்த மேற்பரப்பின் வழியாகக் கருவிகளை இறக்கினார்கள். அந்த வேலை இன்றும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் நியூட்ரினோ என்ற சொல் பரவியது தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எழுந்த எதிர்ப்பின் வழியாக. இரண்டு இடங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. துருவத்தில் சம்மதம் கேட்க ஊர் இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ஹால்சன் துருவத்தில் முன்னின்று நடத்திய 'அமண்டா' சோதனை 1993-94 கோடையில் தன் முதல் கருவிகளை 800 முதல் 1,000 மீட்டர் ஆழத்தில் இறக்கியது. வந்த விளைவு தலையில் துண்டு. அந்த ஆழத்தில் பனி முழுக்கக் காற்றுக்குமிழிகள். விளக்குக்கு முன் பால் கண்ணாடி வைத்ததுபோல் வெளிச்சம் சிதறியது. ஆனால் இன்னும் ஆழத்தில், அழுத்தம் தாங்காமல் குமிழிகள் பனிப்படிகத்துக்குள்ளேயே கரைந்து மறைகின்றன. 1,400 மீட்டருக்குக் கீழே பனி கண்ணாடிபோல் இருந்தது. நீல ஒளி அதில் உறிஞ்சப்படாமல் நூறு மீட்டருக்கும் மேல் போகிறது. ஆய்வுக்கூடத்தில் உறையவைக்கும் எந்தப் பனிக்கட்டியும் அவ்வளவு தெளிவாக வராது. 2,000 மீட்டரைத் தாண்டியதும் மட்டும் ஒரு தூசிப் படலம் குறுக்கிடுகிறது. பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்ந்த காலமொன்றின் புழுதி. அதையும் வரைபடமாக்கி, கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஐஸ்கியூப்புக்குத் துளையிட்டது உளியால் அல்ல, வெந்நீரால். 88 டிகிரி வெந்நீர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 760 லிட்டர் வேகத்தில், ஒரு நீண்ட குழாயின் முனையிலிருந்து பீய்ச்சும். குழாயின் எடையே அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். 60 சென்டிமீட்டர் அகலம், இரண்டரைக் கிலோமீட்டர் ஆழம். ஒரு துளைக்கு ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். துளையாளர்கள் மூன்று ஷிஃப்ட்டாக, இரவில்லாத கோடையில் இடைவிடாமல் வேலை பார்த்தார்கள். துளை முடிந்ததும் இன்னொரு பந்தயம் தொடங்கும். உள்ளே நிற்கும் தண்ணீர் சுவரிலிருந்து உறைந்துகொண்டே வரும். அது இறுகுவதற்குள் 60 கண்ணாடிக் கோளங்களை ஒரு வடத்தில் 17 மீட்டருக்கு ஒன்றாகக் கோத்து இறக்கிவிட வேண்டும். தவறினால் துளையும் போச்சு, எரிபொருளும் போச்சு.

ஒவ்வொரு கோளமும் ஒரு கூடைப்பந்தைவிடச் சற்றே பெரிது. 'டாம்' என்று அழைக்கிறார்கள். கீழ்ப்பாதியில், தரையை நோக்கிக் கவிழ்ந்த பத்து அங்குல ஒளிப்பெருக்கிக் குழாய். ஒற்றை ஃபோட்டான் வந்தாலும் அதை மின்துடிப்பாக மாற்றும். மேல்பாதியில் ஒரு சிறு கணினியும் கடிகாரமும். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே தெளிந்த ஜெல். சுற்றியுள்ள தண்ணீர் உறைந்து விரியும்போது வரும் அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடி தடிமனாக இருக்கும். உறைந்தபின் யாராலும் அதைத் தொட முடியாது. பழுது பார்க்கும் பேச்சே இல்லை. இருந்தும் இறக்கிய கோளங்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் வேலை செய்கின்றன.

2004-05 கோடையில் இறங்கியது ஒரே ஒரு வடம். அடுத்த கோடையில் எட்டு, அதற்கடுத்து 13. கை பழகப் பழக வேகம் கூடி, 2009-10இல் 20. அந்தக் கட்டுமானத்தின் கடைசி வடம் 2010 டிசம்பர் 18 அன்று இறங்கியது. மொத்தம் 86 வடங்கள், 5,160 கோளங்கள். கடைசிக் கோளத்தின் மேல் அங்கிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

கோளங்கள் காத்திருப்பது நியூட்ரினோவுக்காக அல்ல, அது விட்டுப்போகும் வெளிச்சத்துக்காக. எப்போதாவது ஒரு நியூட்ரினோ பனியில் உள்ள ஓர் அணுக்கருவை மோதினால் மியூவான் போன்ற மின்னூட்டத் துகள் தெறிக்கும். பனியில் வெளிச்சத்தின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். தெறித்த துகள் அதைவிட வேகமாகப் பாயும். அப்போது பின்னால் நீல ஒளி கூம்பாக விரியும். இதற்குச் செரன்கோவ் ஒளி என்று பெயர். எந்தக் கோளம் எப்போது அந்த ஒளியைக் கண்டது என்பதை நானோவினாடிக் கணக்கில் ஒப்பிட்டால், துகள் வந்த திசை ஒரு டிகிரிக்கும் குறைவான பிழையோடு கிடைத்துவிடும்.

தொல்லை தருவது மேலிருந்து வரும் மியூவான்கள். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்குபவை. வினாடிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் கருவியைக் கடக்கின்றன. ஏறத்தாழ பத்து லட்சம் மியூவானுக்கு ஒரு நியூட்ரினோ. இந்த உமிக்குவியலில் நெல்மணியைப் பொறுக்க ஓர் எளிய தந்திரம் உண்டு. கீழிருந்து மேலே வரும் தடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. பூமி முழுவதையும் துளைத்துவர நியூட்ரினோவால்தான் முடியும். ஆகவே தென்துருவத்தில் உள்ள இந்தக் கருவி மிக நன்றாகப் பார்ப்பது வடக்கு வானத்தை, அதுவும் காலடியின் வழியாக. ஆற்றல் மிக அதிகமானால் பூமியே நியூட்ரினோவை விழுங்கத் தொடங்கும். அப்போது தொடுவானத்தை ஒட்டி வருபவையும், கருவிக்கு நடுவிலேயே மோதி வெடிப்பவையும் கைகொடுக்கின்றன. 2013இல் அறிவிக்கப்பட்ட முதல் இரண்டு பெரிய நிகழ்வுகள், ஒவ்வொன்றும் ஆயிரம் டெராஎலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டியவை, இப்படி நடுவில் வெடித்தவைதான். சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் பொம்மைகளான பெர்ட், எர்னி பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் விஞ்ஞானிகள் பள்ளிப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

துருவ இரவு

பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பும். அடுத்தது ஏறத்தாழ எட்டரை மாதம் கழித்து. நாற்பது பேரை ஒட்டி எஞ்சியிருப்பார்கள். அவர்களில் இருவர் ஐஸ்கியூப்புக்காக. மார்ச் கடைசியில் சூரியன் இறங்கினால் ஆறு மாதம் வராது. ஜன்னல்களை அட்டை வைத்து மூடிவிடுகிறார்கள், விளக்கு வெளிச்சம் தொலைநோக்கிகளைக் கெடுக்காமல் இருக்க. கணினி ஏதேனும் முரண்டினால் அந்த இருவரின் அழைப்புக் கருவி நடு இரவிலும் அலறும். தூரத்திலிருந்தே சரிசெய்ய முடியாவிட்டால் நடந்துதான் போக வேண்டும். வழியில் மூங்கில் கழிகளில் கட்டிய கொடிகள் வரிசையாக நிற்கும். மைனஸ் 60 டிகிரியில், புயல் காற்றில், ஒரு கொடியைத் தொட்டபின்தான் அடுத்த கொடியைத் தேடுவார்கள். மூச்சுக்காற்று இமைமயிரில் படிந்து உறையும். கண் சிமிட்டினால் ஒட்டிக்கொள்ளும். இப்படிப் பார்த்துக்கொள்வதால்தான் கருவி ஆண்டில் 99 சதவீத நேரத்துக்கும் மேல் விழித்திருக்கிறது.

2017 செப்டம்பர் 22 சம இரவு நாள். துருவத்தில் நீண்ட இரவு முடிந்து சூரியன் தொடுவானத்தில் உருண்டுகொண்டிருந்தது. உலகப் பொது நேரம் இரவு 8.54க்கு 290 டெராஎலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு நியூட்ரினோ பனியில் மோதியது; ஜெனிவாவின் பெரிய துகள் முடுக்கி அந்த ஆண்டு ஒரு புரோட்டானுக்குக் கொடுத்த ஆற்றலைப்போல் ஏறத்தாழ 45 மடங்கு. 43 வினாடியில் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளுக்குத் தானாகவே தகவல் போனது. அந்தத் திசையில் ஃபெர்மி விண்கலமும், லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகளும் ஒரு ப்ளேசார் கொந்தளிப்பதைக் கண்டன. தன் நடுவே உள்ள கருந்துளையிலிருந்து நேராக நம்மை நோக்கித் துகள் தாரையைப் பீய்ச்சும் விண்மீன் மண்டலம் அது. பெயர் டிஎக்ஸ்எஸ் 0506+056. ஒளி அங்கிருந்து வர ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகும். பழைய பதிவுகளைப் புரட்டியபோது, 2014 பிற்பகுதியிலிருந்து 2015 தொடக்கம் வரையிலான மாதங்களில் அதே திசையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருந்ததும் தெரிந்தது. 2022இல் என்ஜிசி 1068 என்ற அண்டை மண்டலமும், 2023இல் நம் பால்வெளியின் தளமும் நியூட்ரினோ வரும் இடங்களின் பட்டியலில் சேர்ந்தன.

அந்த ப்ளேசார் இருக்கும் இடம் ஓரியன் தொகுதியின் தோளுக்கு அருகே, வான நடுக்கோட்டுக்கு 5.7 டிகிரி வடக்கில். திருவாதிரை விண்மீனுக்கு அக்கம்பக்கம். மார்கழி நள்ளிரவில் சிதம்பரத்து வீதியில் அண்ணாந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சியில் இருக்கும். அந்த நியூட்ரினோ வந்த நேரம் தமிழ்நாட்டில் 23ஆம் தேதி அதிகாலை 2.24, அப்போது அந்தப் புள்ளி கிழக்கு வானில் பாதி உயரம் ஏறியிருந்தது. துருவத்தில் அது ஒருநாளும் உதிப்பதில்லை. ஆண்டு முழுவதும் தொடுவானத்துக்கு 5.7 டிகிரி கீழேயே சுற்றிவரும். ஆகவே அந்த நியூட்ரினோ பூமிக்குள் சாய்வாக நுழைந்து, ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் பாறையையும் பனியையும் கடந்துதான் கோளங்களை எட்டியிருக்க வேண்டும்.

ஜூன், ஜூலையில் கொடிகளின் வழியே ஆய்வுக்கூடத்துக்கு நடப்பவருக்கு, மேகமில்லாத நாளில், ஓரியன் தலைகீழாகத் தெரியும். கால்விண்மீன் ரைஜெல் தொடுவானத்துக்குச் சற்று மேலே நிற்கும். இடைக்கச்சையின் மூன்று விண்மீன்களும் தொடுவானத்தை உரசிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு சுற்று வரும். தோள்களும் திருவாதிரையும் பனிக்குக் கீழே.